போன்ல விளையாடுறவங்களையும் கேமர்னு சொல்லலாமா?

நைட்ஷிஃப்ட்_நாவலூர்:
நேத்து ஆபீஸ் கேப்ல வரும்போது பக்கத்துல உட்கார்ந்த புதுப் பையன் "நானும் கேமர்தான் ப்ரோ"ன்னான். சந்தோஷமா, என்னடா விளையாடுறேன்னு கேட்டேன். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்னு ரெண்டு போன் துப்பாக்கி கேம், அவ்ளோதான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ன்னு குதிரைல சுத்துற பெரிய கதை கேம் இருக்கே, அது பேரைக்கூட கேள்விப்பட்டதில்லையாம். சோழிங்கநல்லூர் சிக்னல்ல இருந்து நாவலூர் வர்ற வரைக்கும் அவன் போனைத்தான் பார்த்துட்டு வந்தேன். ஒரு மேட்ச் முடியும், உடனே ஒரு பெட்டி வந்து திற திறன்னு மின்னும், திறப்பான், ஒண்ணும் இருக்காது, அடுத்த மேட்ச்.

அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இதையும் கேமிங்னு சொல்றதை என்னால ஒத்துக்க முடியல. நான் ரெட் டெட்டை 2019 நவம்பர்ல பிசிக்கு வந்தப்ப ஆரம்பிச்சேன், ஷிஃப்ட் முடிஞ்சு விடியக்காலைல அஞ்சு மணிக்கு வந்து தினம் ஒரு மணி நேரமா விளையாடி முடிக்க மூணு மாசம் ஆச்சு. ஒரு மிஷனும் பண்ணாம மழைல சும்மா குதிரையை நடத்திக்கிட்டுப் போன நாளெல்லாம் உண்டு. முடிஞ்சதும் ஒரு வாரத்துக்கு வேற கேம் தொட மனசே வரல. ஒரு கேம்னா ஆளை அப்படி எங்கயாவது கொண்டு போய் விடணும். போன்ல இருக்கிறதுக்கு முடிவே கிடையாது, முடிஞ்சுட்டா காசு வராதுன்னு முடிவே இல்லாம செஞ்சு வெச்சிருக்கான். அதனால என் கருத்து, போன்ல துப்பாக்கி கேம் மட்டும் ஆடுறவங்க கேமர் கிடையாது. மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க, ஆனா காரணத்தோட சொல்லுங்க.

பெரம்பூர்_ஸ்குவாட்:
காரணத்தோடயே சொல்றேன் அண்ணா. முதல்ல உங்க பிசி எவ்ளோ ஆச்சுன்னு சொல்லுங்க.

நைட்ஷிஃப்ட்_நாவலூர்:
எல்லாம் சேர்த்து 78 ஆயிரம். ரிச்சி தெருவுல கடை கடையா ஏறி இறங்கி பார்ட் பார்ட்டா வாங்கினது, ரெண்டு வருஷம் சேர்த்த காசு. சும்மா வரல.

பெரம்பூர்_ஸ்குவாட்:
சும்மா வந்துச்சுன்னு நான் சொல்லவே இல்லையே. நீங்க கஷ்டப்பட்டுச் சேர்த்தீங்க, அதுக்கு மரியாதை. ஆனா எங்க வீடு ஒரே ரூம், அஞ்சு பேரு, டேபிள் போட்டா ஒருத்தர் வெளிய படுக்கணும். பிசி யாராவது இனாமா குடுத்தாலும் வெக்க இடம் இல்ல. என் போன் 11 ஆயிரம் ரூபா, அதுலதான் காலேஜ் நோட்ஸ், அதுலதான் சாயந்திரம் டெலிவரி வேலை, அம்மாவுக்கு வர்ற ரேஷன் மெசேஜும் அதுலதான், கேமும் அதுலதான். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா விலை இறங்கினப்புறம்தான் எங்க தெருப் பசங்க கைக்கு ஆன்லைன் கேம்னு ஒண்ணு வந்துச்சு. அதுக்கு முன்னாடி பிரவுசிங் சென்டர்ல மணிக்கு 20 ரூபா குடுக்க முடிஞ்சவன் உட்கார்ந்து ஆடுவான், முடியாதவன் அவன் சேருக்குப் பின்னாடி நின்னு பார்ப்பான். நான் பின்னாடி நின்னவன்.

திறமைன்னு பேசுவோமா, பிஜிஎம்ஐல ஏராங்கல்னு ஒரு மேப், எட்டு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர், நூறு பேர் இறங்குறோம், மவுஸ் கிடையாது கீபோர்டு கிடையாது, ஆறரை இன்ச் கண்ணாடி மேல நாலு விரலை வெச்சுக்கிட்டு ஓடணும் சுடணும் குனியணும், துப்பாக்கி மேல தூக்கிக்கிட்டுப் போறதை கைரோவுல போனையே லேசா சாய்ச்சு கீழ இழுக்கணும், 150 ரூபா இயர்போன்ல காலடிச் சத்தம் இடது பக்கமா பின்பக்கமான்னு கண்டுபிடிக்கணும், அதே நேரத்துல நம்ம நாலு பேர் டீம், அதாவது ஸ்குவாட்ல விழுந்து கிடக்கிறவனை ஸ்மோக் போட்டு மூடி எழுப்பணும். இதை ஒரே ஒரு மேட்ச் நீங்க பண்ணிக் காட்டுங்க, அப்புறம் கேமர் இல்லைன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

டஸ்ட்2_கேகே_நகர்:
சேர் பின்னாடி நின்னவங்க பத்தி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நாங்க கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடின சென்டர்ல காசு இல்லாம நின்னு பார்த்தவன் ஒருத்தன் இருந்தான், டஸ்ட் 2 மேப்புல எந்த டப்பா பின்னாடி எவன் ஒளிவான்னு விளையாடுற எங்களைவிட அவனுக்குத்தான் தெரியும். ஒரு நாள் ஆள் குறைஞ்சு அவனை உட்கார வெச்சோம், அன்னைக்கு அஞ்சு பேரையும் அவனே முடிச்சான்.

பழைய_கேசட்:
நைட்ஷிஃப்ட் தம்பி, வயசுல பெரியவன்ங்கிற உரிமைல சொல்றேன், இந்த "நீ கேமர் இல்ல"ங்கிறதை நான் முப்பது வருஷமா கேட்டுட்டு இருக்கேன், ஒவ்வொரு தடவையும் ஆள்தான் மாறுது.

1993ல கேப்காம் விட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்னு ஒரு கேம், அந்தப் பேரு எங்க யாருக்கும் தெரியாது, எங்களுக்கு அது முஸ்தபா கேம். மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு ஓடி வந்து உதைப்பானே அவனை எடுக்கத்தான் சண்டையே நடக்கும். புரசைவாக்கத்துல ஒரு இருட்டு ரூம்ல நாலு மெஷின், ஒரு ரூபா போட்டா ஒரு ஆட்டம். செத்துட்டா ஒன்பது எட்டு ஏழுன்னு எண்ணிக்கிட்டே இருக்கும், அதுக்குள்ள அடுத்த காசைப் போடணும். நீ முடிவே இல்லாத கேம்னு சொல்றியே, அந்த மெஷின் கேமெல்லாம் நம்மகிட்ட இருந்து காசை உருவணும்னே கஷ்டமா வடிவமைச்சது. வீட்டுக்கு உப்பு வாங்கக் குடுத்த காசை அதுல போட்டுட்டு அடி வாங்கின பசங்க எத்தனையோ பேர். அப்ப பெரியவங்க அதையும் விளையாட்டுன்னு ஒத்துக்கல, சூதாட்டக் கடைன்னுதான் சொன்னாங்க.

அதுக்கப்புறம் டிவில மாட்டுற வீடியோ கேம், எல்லாம் நின்டெண்டோவோட காப்பி மெஷின். மரியோவும் கான்ட்ராவும் வெச்சிருந்த வீட்டுக்குத் தெருவே போகும். கான்ட்ரால மேல மேல கீழ கீழ, இடது வலது இடது வலது, பி, ஏ அமுக்கினா 30 உயிர் வரும்னு யாரு கண்டுபிடிச்சு யாரு நம்ம ஊருக்குக் கொண்டு வந்தாங்களோ, நெட்டும் இல்ல புத்தகமும் இல்ல, வாய் வார்த்தையாவே மெட்ராஸ் பூரா தெரிஞ்சிருந்துச்சு. அதையெல்லாம் விட்டுட்டு நாங்க பிசிக்கு வந்தப்ப, கன்சோல்காரங்க எங்களைப் பார்த்து சிடி காப்பி கும்பல்னாங்க. அது உண்மைதான். பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார்ல பிளாஸ்டிக் கவர்ல போட்ட சிடிதான் எங்களுக்கு எல்லாமே, நான் 2010 வரைக்கும் ஒரு கேம்கூட ஒரிஜினல் வாங்கினது கிடையாது. அதை இப்ப பெருமையா சொல்லல, தப்புன்னு தெரிஞ்சேதான் சொல்றேன். ஆனா அப்படி ஆடினவன் கேமர்னா, ஓசி கேமை முறையா இறக்கி ஆடுற பெரம்பூர் தம்பி எப்படிக் கேமர் இல்லாம போவான்?

நைட்ஷிஃப்ட்_நாவலூர்:
//அந்த மெஷின் கேமெல்லாம் காசை உருவணும்னே கஷ்டமா வடிவமைச்சது//

அண்ணா நீங்க சொன்ன வரலாறை மதிக்கிறேன், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒரு ரூபா போட்டீங்க, ஆட்டம் கிடைச்சுது. நல்லா ஆடத் தெரிஞ்சவன் அதே ஒரு ரூபால அரை மணி நேரம் ஆடுவான், அதாவது திறமை வளர வளர செலவு குறையும். இங்க அப்படியா? காசு குடுத்துப் பெட்டியைத் திறந்தா கேட்ட பொருள் வராது, பொருள் வர்றதுக்கு ஒரு வாய்ப்புதான் வரும். கென்ஷின் இம்பாக்ட்னு ஒரு கேம்ல குலுக்கல் மாதிரி இழுக்கும்போது அஞ்சு ஸ்டார் கேரக்டர் விழுறதுக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், அதை அவங்களே கேம் உள்ள எழுதி வெச்சிருக்காங்க, 90 தடவை இழுத்தா ஒண்ணு நிச்சயம். பெல்ஜியம்ல 2018லயே இந்தப் பெட்டி சமாச்சாரம் சூதாட்டச் சட்டத்துக்குள்ள வரும்னு சொல்லிட்டாங்க. சைனாவுல வாய்ப்பு எத்தனை சதவீதம்னு வெளிய சொல்லியே ஆகணும்னு 2017லயே விதி.

நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி உட்பட 118 ஆப் தடை. 2021 ஜூலைல அதே பப்ஜி பிஜிஎம்ஐன்னு பேர் மாத்தி வந்தப்ப 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான்னு வெச்சாங்க, நல்ல விஷயம். கூடவே சின்னப் பசங்க செலவு பண்றதுக்கும் ஒரு வரம்பு வெச்சாங்க, எவ்ளோ தெரியுமா, ஒரு நாளைக்கு 7,000 ரூபா. மாசத்துக்கு இல்ல, ஒரு நாளைக்கு. ஸ்கூல் பையனுக்கு. அதைப் படிச்ச அன்னைக்குத்தான் நான் முடிவு பண்ணேன், இவங்க விளையாட்டு விக்கல.

பெரம்பூர்_ஸ்குவாட்:
7,000 சங்கதி எனக்கே அதிகம்தான், மறுக்கல. ஆனா அதை வெச்சது கம்பெனி, ஆடுற பையன் இல்ல. நீங்க கம்பெனி மேல இருக்கிற கோவத்தை எங்க மேல காட்டுறீங்க. தலைப்புல இருக்கிறது "போன் கேம் நல்லதா"ன்னா? "போன்ல விளையாடுறவங்களை"ன்னுதானே போட்டிருக்கீங்க.

இன்னொண்ணு, நானும் ரெண்டு தடவை யூசி, அதாவது பிஜிஎம்ஐ உள்ள செல்லுற காசு, வாங்கிருக்கேன், என் டெலிவரி காசுல. துப்பாக்கிக்கு ஒரு ஸ்கின், அதைப் போட்டா டேமேஜ் கூடாது ஒண்ணும் ஆகாது, பார்க்க நல்லா இருக்கும், அவ்ளோதான். தீபாவளிக்குப் புதுச் சட்டை எடுக்கிறோம், பழைய சட்டை கிழிஞ்சா போச்சு?

நைட்ஷிஃப்ட்_நாவலூர்:
சட்டைக்கு விலை ஒட்டியிருக்கும், காசு குடுத்தா அந்தச் சட்டை உன் கைல வரும். மூடின பைல நூறு துணி இருக்கு, ஒண்ணுதான் சட்டை, மீதி எல்லாம் கர்ச்சீஃப், கையை விட்டு எடுத்துக்கோன்னு டி.நகர்ல ஒரு கடைக்காரன் சொன்னா ரங்கநாதன் தெருவே திரண்டு அவனைக் கேள்வி கேட்கும்.

பெரம்பூர்_ஸ்குவாட்:
நான் வாங்கினது விலை போட்ட ஸ்கின். பெட்டி கிடையாது. அதைப் பிரிச்சுப் பேசுங்கன்னுதான் கேட்கிறேன்.

மழைநாள்_வேளச்சேரி:
ரொம்ப நேரமா படிச்சுட்டே இருந்தேன், எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுத்தான் எழுதுறேன். யாரு கேமர்னு நீங்க ஆம்பளைங்க சண்டை போட்டுக்கிறீங்க, அந்தப் பட்டியல்லயே வராம பதினஞ்சு வருஷமா விளையாடுற ஆள் நான்.

எனக்கு முதல் கேம் கிரிக்கெட் 07. ஈஏ 2006ல விட்டது, அதுக்கப்புறம் அவங்க கிரிக்கெட்டே பண்ணல, ஆனா ஐபிஎல் ஆரம்பிச்சதே 2008, அப்ப எப்படி அதுல சிஎஸ்கே மஞ்சள் ஜெர்சி வந்துச்சு? ரசிகர்களே பேட்ச்னு மாத்தின ஃபைல் செஞ்சு கேம்ல போட்டது. அண்ணன் பிசில அவன் டியூஷன் போற நேரத்துல ஆடுவேன், அவன் வர்ற சத்தம் கேட்டா மூடிட்டு எழுந்துருவேன். பிரவுசிங் சென்டருக்கு ஒரு தடவை போனேன், கவுன்டர்ல இருந்தவர் "ரிசல்ட் பிரின்ட் எடுக்கணுமாம்மா"ன்னு கேட்டார், கேம் ஆடணும்னு சொல்ல வாய் வரல, ஆமான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

இப்ப சொந்தமா லேப்டாப் இருக்கு, போன் இருக்கு, ரெண்டுலயும் ஆடுறேன். ரெண்டுலயும் ஒரே அனுபவம்தான். மைக்கை ஆன் பண்ணி "ரெண்டாவது மாடில ஒருத்தன்"னு சொன்ன அடுத்த செகண்ட், "ஏய் பொண்ணுடா"ன்னு ஆரம்பிக்கும். அதுல பாதிப் பேரு வழியுவான், மீதிப் பேரு அம்மாவை இழுத்து அசிங்கமா திட்டுவான், தோத்தா காரணம் நான். போன வருஷம் ஒருத்தன் மூணு மேட்ச் தொடர்ந்து வந்து அதே வார்த்தை. ரிப்போர்ட் அடிச்சேன், ஒண்ணும் நடக்கல. அன்னைல இருந்து மைக்கே போடுறதில்ல, மேப்புல மார்க் பண்ணித்தான் காட்டுறேன், அதனால எத்தனை ஆட்டம் தோத்திருப்போம்னு கணக்கே இல்ல. நைட்ஷிஃப்ட் சொல்ற 78 ஆயிரம் ரூபா பிசிக்காரனும் இதைப் பண்றான், 11 ஆயிரம் ரூபா போன்காரனும் பண்றான். இந்த ஒரு விஷயத்துல உங்க ரெண்டு கட்சிக்கும் வித்தியாசமே எனக்குத் தெரியல. நீங்க யாராவது உங்க ஸ்குவாட்ல அப்படிப் பேசினவனை ஒரு தடவையாவது வாயை மூடுடான்னு சொல்லிருக்கீங்களா? இதுக்குப் பதில் வேணும்.

டஸ்ட்2_கேகே_நகர்:
நான் சொன்னதில்ல. எங்க சென்டர்ல கெட்ட வார்த்தை இல்லாம ஒரு ரவுண்டு போனதில்ல, அப்ப அது தப்புன்னே தோணல, ஏன்னா கேட்கிற இடத்துல நீங்க இல்ல. தப்புதான் அக்கா.

அம்பத்தூர்_அம்மா:
தம்பிங்களா, கேம் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, என் பையன் எட்டாவது படிக்கிறான். போன மாசம் அவங்க அப்பா அக்கவுன்ட்ல இருந்து 79 ரூபா, 159 ரூபா, 399 ரூபான்னு கொஞ்சம் கொஞ்சமா போயி மொத்தம் 6,400 ரூபா போயிருக்கு. ஒரு துப்பாக்கி கேம்ல பெட்டி திறக்கவாம். பின் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்னு எல்லாரும் கேட்டாங்க, கரண்ட் பில் கட்டுடான்னு நான்தான் சொல்லிக் குடுத்திருந்தேன். அடிச்சுட்டேன், அடிச்சப்புறம் நானும் அழுதேன். அவன் கெட்ட பையன் இல்ல தம்பி. அடுத்ததுல வந்துரும் அடுத்ததுல வந்துரும்னு நினைச்சேன்மான்னான்.

ஆன்லைன் கேமை எல்லாம் அரசாங்கம் தடை பண்ணிருச்சுன்னு நியூஸ்ல சொன்னாங்களே, அப்புறம் இது மட்டும் எப்படி இருக்கு? யாராவது விளக்கமா சொல்லுங்க.

டஸ்ட்2_கேகே_நகர்:
அக்கா, நியூஸ்ல சொல்ற ஆன்லைன் கேம் வேற, உங்க பையன் ஆடினது வேற, நம்ம ஊர்ல ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிடுறதாலதான் இந்தக் குழப்பம். தடை பண்ணது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ரம்மி, போக்கர் மாதிரி ஆட்டங்களை. நம்ம ஸ்டேட்ல 2022ல சட்டம் கொண்டு வந்தாங்க, கவர்னர் திருப்பி அனுப்பி, மறுபடி சட்டசபைல நிறைவேத்தி, 2023 ஏப்ரல்லதான் கையெழுத்தே ஆச்சு. அந்த நவம்பர்லயே மெட்ராஸ் ஹைகோர்ட் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு சொல்லி அந்த ரெண்டுக்கும் தடை செல்லாதுன்னுருச்சு. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல ஒரு சட்டம் வந்துச்சு, அது திறமையா அதிர்ஷ்டமான்னே பார்க்கல, பணத்துக்குப் பணம்னா எதுவா இருந்தாலும் கிடையாதுன்னுருச்சு. இ-ஸ்போர்ட்ஸ், அதாவது போட்டியா நடத்துற வீடியோ கேமை மட்டும் தனியாப் பிரிச்சு அங்கீகாரம் குடுத்திருக்கு.

உங்க பையன் திறந்த பெட்டில பணம் திரும்ப வராது, துப்பாக்கிக்குப் பெயின்ட்தான் வரும், பந்தயம் கட்டி ஜெயிக்கிறதுன்னு அதைச் சொல்ல முடியாது. அதனாலதான் அது இன்னும் ஓடுது.

நைட்ஷிஃப்ட்_நாவலூர்:
அக்கா படிச்சதும் கை நடுங்குது. நான் முதல்ல இருந்து சொல்றது இதைத்தான். உடனே ரெண்டு வேலை பண்ணுங்க. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கணும்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போடுங்க, அதுல சேவ் ஆகியிருக்கிற பேமென்ட் எல்லாத்தையும் எடுத்துருங்க. யூபிஐ பின்னை இன்னைக்கே மாத்துங்க. போன காசுக்கு ப்ளே ஸ்டோர்ல ரீஃபன்ட் கேட்டு எழுதுங்க, தருவாங்கன்னு உறுதி இல்ல, ஆனா நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும்.

பெரம்பூர்_ஸ்குவாட்:
அக்கா, அவனை மறுபடி அடிக்காதீங்க. என் தம்பிக்கும் அதே வயசுதான். அவன் ஆடுறது எனக்குத் தெரியும், நான் பக்கத்துல இருப்பேன், பெட்டி வந்தா எக்ஸ் அமுக்குடான்னு சொல்லுவேன். சொல்லக்கூட ஆள் இல்லாத பசங்கதான் மாட்டிக்கிறாங்க.

நைட்ஷிஃப்ட் அண்ணா, பெட்டி விஷயத்துல நீங்க சொல்றதை நான் முழுசா ஏத்துக்கிறேன், பெல்ஜியம் மாதிரி இங்கயும் வரணும். ஆனா கேமர் இல்லைங்கிற வார்த்தையை விட மாட்டேன். எங்க ஏரியாவுல கேரம் கிளப்புக்குப் போறவனைப் பார்த்தாலே பையன் கெட்டுட்டான்னு சொல்லுவாங்க, பீடி வாசனை, வெட்டிக் கூட்டம், உருப்பட மாட்டான், இதே பேச்சு. அதே கேரம் போர்டுல புது வண்ணாரப்பேட்டை பொண்ணு காசிமா 2024ல அமெரிக்கா போயி உலகப் போட்டில மூணு தங்கம் அடிச்சுட்டு வந்துச்சு. அந்த மூணு தங்கத்துக்கு முன்னாடியும் அது விளையாட்டுதான், பார்த்தவங்க கண்ணுலதான் கோளாறு. கேரமுக்கு என்ன கதை இருக்கு? என்ன முடிவு இருக்கு? ஒரு போர்டு முடிஞ்சா பவுடர் போட்டு அடுத்த போர்டு. உங்க கணக்குப்படி அதுவும் கேம் இல்லையா?

நைட்ஷிஃப்ட்_நாவலூர்:
கேரம் கேம்தான். முடிவு இருக்கணும்னு நான் சொன்னது தப்பு, அதைத் திரும்ப எடுத்துக்கிறேன். ஆனா கேரம் போர்டு ராத்திரி ரெண்டு மணிக்கு "உன் நண்பன் காத்திருக்கான், இன்னைக்கு வரலைன்னா பரிசு போயிரும்"னு நோட்டிஃபிகேஷன் அனுப்பாது. என் பிசில இருக்கிற கேம் நான் மூடினா மூடினதுதான், ஆறு மாசம் கழிச்சுத் திறந்தாலும் விட்ட இடத்துலயே இருக்கும். அது என்னோடது.

பழைய_கேசட்:
//அது என்னோடது//

அதுதான் இல்ல தம்பி. 2024 அக்டோபர்ல இருந்து, பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடை ஸ்டீம்ல காசு கட்டுற பக்கத்துலயே எழுதிப் போடுறான், நீ வாங்குறது லைசென்ஸ்தான்னு. கலிஃபோர்னியாவுல ஒரு சட்டம் வந்துச்சு, அதை ஒட்டித்தான் வெளிப்படையா போட்டான். யூபிசாஃப்டோட தி க்ரூன்னு ஒரு கார் கேம் இருந்துச்சே, 2014ல வந்தது, 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை நிறுத்தினாங்க, காசு குடுத்து வாங்கினவன் தனியா ஓட்டிக்கிட்டிருந்த கேமும் அதோட போச்சு. அதுக்காகத்தான் ஐரோப்பாவுல "கேமைக் கொல்லாதீங்க"ன்னு இயக்கமே நடந்து 2025ல பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல வாங்கினாங்க. போன்ல பெட்டியை வெச்சு எடுக்கிறான், பிசில வித்ததையே பிடுங்கிக்கிறான். என் பர்மா பஜார் சிடி இன்னைக்கும் பரண்ல இருக்கு, போட்டா ஓடும், கிரிக்கெட் 07 போன பொங்கலுக்குக்கூட என் பொண்ணோட ஆடினேன். சரியோ தப்போ அது என் கைல இருக்கு.

மழைநாள்_வேளச்சேரி:
கிரிக்கெட் 07 ஆடுற பொண்ணா, சந்தோஷமா இருக்கு அண்ணா.

நைட்ஷிஃப்ட், உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். நீங்க ஷிஃப்ட் முடிஞ்சு அஞ்சு மணிக்கு வந்து தூங்காம ஆடினேன்னு சொன்னதை எல்லாரும் ரசனைன்னு படிச்சோம். இதையே பெரம்பூர் தம்பி அஞ்சு மணிக்குப் போன்ல பண்ணியிருந்தா அடிமைன்னு சொல்லிருப்பீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல கேமிங் டிஸார்டர்னு நோய்ப் பட்டியல்ல சேர்த்தப்ப போனா பிசியான்னு பிரிக்கல. கட்டுப்பாடு போயிருச்சா, மத்த வேலையை எல்லாம் பின்னாடி தள்ளுதா, கெடுதல் ஆனப்புறமும் விட முடியலையா, சாதாரணமா இது 12 மாசமாவது தொடர்ந்திருக்கான்னுதான் பார்க்கிறாங்க.

கதைதான் வேணும்னா வெண்பா ஆடிப் பாருங்க. டொரன்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் 2023ல விட்டது, 1988ல கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவோட கிழிஞ்சு போன சமையல் குறிப்பை வெச்சு இட்லி, புட்டு, பிரியாணி செய்யணும். மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான். 2024ல பாஃப்டான்னு பிரிட்டன்ல குடுக்கிற கேம் விருதுல சிறந்த அறிமுக கேம் விருது வாங்குச்சு. பையன் தமிழ்ல பேச மறுக்கிற இடத்துல எனக்கு எங்க பெரியம்மா பசங்க ஞாபகம் வந்து அப்படியே நிறுத்திட்டு அவங்களுக்குப் போன் போட்டேன். 80 மணி நேரம் வேணும்னு ஒண்ணும் இல்ல.

நைட்ஷிஃப்ட்_நாவலூர்:
அஞ்சு மணி விஷயம், நியாயமான கேள்வி. அந்த மூணு மாசம் நான் சரியா தூங்கல, அம்மா தினம் கத்துவாங்க. அதை நான் இங்க எழுதினப்ப விட்டுட்டேன். வெண்பா வாங்கி வெச்சிருக்கேன், இன்னும் ஆரம்பிக்கல, இந்த வாரம் ஆரம்பிக்கிறேன்.

பெட்டி வெச்ச கேமை நான் எப்பவும் எதிர்ப்பேன், அதுல ஒரு அடிகூட பின்னாடி வர மாட்டேன். ஆனா கேப்ல அந்தப் பையன்கிட்ட "அதெல்லாம் கேமா"ன்னு நான் கேட்டதுக்கு அவன் முகம் சுருங்கிப் போச்சு, அதுக்கப்புறம் அவன் இயர்போனை மாட்டிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டான். அது நான் பண்ணியிருக்கக் கூடாது.

அம்பத்தூர்_அம்மா:
பின் மாத்திட்டேன், பாஸ்வேர்டும் போட்டாச்சு, ரீஃபன்ட்டுக்கும் எழுதியாச்சு, பதில் வரல. பையன் உங்க எல்லாத்தையும் படிச்சான். அந்தக் கிரிக்கெட் கேம் எங்ககிட்ட இருக்கிற பழைய லேப்டாப்ல ஓடுமான்னு கேட்கச் சொல்றான், 2012ல வாங்கினது, 4 ஜிபின்னு எழுதியிருக்கு.

பழைய_கேசட்:
தாராளமா ஓடும்மா, அது 2006 கேம், தனியா கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் தேவைப்படாது. அடிக்கிறது மட்டும் முதல்ல டைமிங் வராது, ஸ்பின்னரை வெச்சுப் பழகச் சொல்லுங்க.

பெரம்பூர்_ஸ்குவாட்:
மழைநாள் அக்கா, நீங்க கேட்டதுக்கு நான் அன்னைக்குப் பதில் சொல்லல, ஏன்னா சொல்ல முடியல. எங்க ஸ்குவாட்லயே ஒருத்தன் அப்படித்தான் பேசுவான், ஒண்ணாவதுல இருந்து கூடப் படிச்சவன், நல்லவன்தான், மைக் கிடைச்சா மட்டும் வாய் அப்படி ஆயிரும். நேத்து ராத்திரி எதிர் டீம்ல ஒரு பொண்ணு குரல் கேட்டுச்சு, இவன் ஆரம்பிச்சான், நான் மச்சி நிறுத்துடான்னேன். சிரிச்சான். மறுபடியும் சொன்னேன், உன் தங்கச்சியும் ஆடுதுல்ல, அதுக்கும் யாராவது இப்படிச் சொல்லுவான்லன்னேன். நடு மேட்ச்ல வெளிய போயிட்டான். மூணு பேரா ஆடி பதினாலாவது இடத்துல செத்தோம். காலைல டீக்கடைல பார்த்தேன், பேசல.

இன்னைக்கு ராத்திரி ஒரு ஆள் குறையுது. உங்களுக்கு விருப்பம்னா வாங்க. மைக் போடணும்னு கட்டாயம் இல்ல.

மழைநாள்_வேளச்சேரி:
சொன்னதுக்கு நன்றி தம்பி. ராத்திரி எனக்கு ஒத்துவராது, காலைல ஆறு மணிக்கு எழுந்திருக்கணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு மூணு மணிக்கு மேலன்னா வர்றேன். ஐடி தனியா அனுப்புறேன், முதல் மேட்ச் மார்க் பண்ணித்தான் ஆடுவேன், அதுக்கப்புறம் பார்க்கலாம்.